மவுண்ட் பிளசன்ட்: 1880 முதல் சரிவிலேயே நிற்கும் ஒரு ரக்பி லீக் மைதானம்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் பாட்லி என்றொரு சிறிய ஆலை ஊர். ஊரின் மேட்டுப் பகுதிக்கு மவுண்ட் பிளசன்ட் என்று பெயர். அங்கே இருக்கும் ரக்பி லீக் மைதானத்துக்கும் அதே பெயர்தான். இன்று விளம்பர ஒப்பந்தப்படி ஃபாக்ஸஸ் பிஸ்கட்ஸ் ஸ்டேடியம் என்று பலகை இருந்தாலும் ஊர்க்காரர் வாயில் பழைய பெயரே நிற்கிறது. ஹெரிட்டேஜ் ரோட்டிலிருந்து உள்ளே வந்து ஆடுகளத்தைப் பார்ப்பவர் முதலில் கவனிப்பது அதன் சரிவை. களம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இறங்குகிறது. கீழ்முனையின் ஒரு மூலை எல்லாவற்றுக்கும் தாழ்வு. அந்த மூலையை ‘நைன் ஓல்’ என்று அழைக்கிறார்கள்.

சரிவுள்ள களம் என்றாலே குறையுள்ள களம் என்று எண்ணுவது வழக்கம். இந்த மைதானத்தை அப்படிப் பார்த்தால் பாதிதான் புரியும். ஆட்டம் எப்படி நடக்கிறது, மழைநீர் எங்கே போகிறது, கோல் கம்பத்தை எப்படி நடுவது, கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் இங்கே பதில் அந்தச் சரிவிலிருந்துதான் தொடங்குகிறது.

மேடு ஏன் மைதானத்துக்குக் கிடைத்தது

பாட்லியின் பிழைப்பு கிழிசல் கம்பளியில் நடந்தது. 1813இல் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து மறுபடியும் நூற்று நெய்யும் வழியை இந்த ஊரில் கண்டுபிடித்தார். அந்தத் துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர். போர்வை, சீருடை, கனத்த மேலங்கி எல்லாம் அதிலிருந்து வந்தன. பாட்லி, டியூஸ்பரி, ஆஸெட் வட்டாரத்தைக் கனத்த கம்பளி வட்டாரம் என்றே இன்றும் சொல்கிறார்கள். பாட்லிக்கும் டியூஸ்பரிக்கும் நடக்கும் ஆட்டத்துக்கும் அதே பெயர்தான்.

ஆலைக்குத் தண்ணீர் வேண்டும், ரயில் பாதை வேண்டும், தட்டையான தரை வேண்டும். பெனைன் மலையடிவார ஊர்களில் இவை மூன்றும் பள்ளத்தாக்கில்தான் கிடைக்கும். அங்கே ஆலைகள் நிறைந்தபின் விளையாட்டுக்கு எஞ்சியது மேட்டுச் சரிவு. 1880இல் பாட்லி கிரிக்கெட், அத்லெடிக் அண்டு ஃபுட்பால் கிளப் என்ற பெயரில் சங்கம் உருவானது. அதே ஆண்டிலிருந்து ஆட்டம் மவுண்ட் பிளசன்டில்தான். ரக்பி களத்தை ஒட்டிக் கிரிக்கெட் களம் இருப்பதற்கும் இந்தக் கூட்டுப் பிறப்பே காரணம். அக்காலத்தில் ஒரே சங்கம் கோடையில் கிரிக்கெட்டும் குளிர்காலத்தில் ரக்பியும் நடத்துவது வடக்கு இங்கிலாந்தில் சாதாரணம். அடுத்தடுத்து இரண்டு களங்கள் என்றால் வேலி, வாயில், களப்பணியாள் என்று பல செலவுகள் பாதியாகும்.

1885இல் யார்க்‌ஷயர் கோப்பையைப் பாட்லி வென்றது. அப்போது ஆடியது பதினைந்து பேர் ரக்பி. பத்தாண்டு கழித்து எல்லாம் மாறியது. சனிக்கிழமை ஆட்டத்துக்காக ஆலை வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு அந்தக் கூலி இழப்பை ஈடுகட்டலாமா கூடாதா என்பதே சண்டை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குச் சங்கங்கள் தனியே பிரிந்து நார்தர்ன் யூனியனைத் தொடங்கின. நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை இழப்பீடு தரலாம் என்று முடிவானது. அந்த யூனியனின் முதல் பருவத்தில் ஆடிய 22 சங்கங்களில் பாட்லியும் ஒன்று. அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் இன்றைய ரக்பி லீக் அதன் வழி வந்தது. அன்றிருந்த இடத்திலேயே இன்றும் ஆடும் சங்கங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாட்லி அவற்றில் ஒன்று.

1897 ஏப்ரல் 24 அன்று ஹெடிங்லியில் முதல் சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டம். பாட்லி 10, செயின்ட் ஹெலன்ஸ் 3. அன்றைய கணக்கில் டிராப் கோலுக்கு (பந்தைத் தரையில் விட்டு, எழும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) 4 புள்ளி, டிரைக்கு (எதிரணியின் முனைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) 3 புள்ளி. ஒரு டிராப் கோலும் இரண்டு டிரையும் சேர்ந்து அந்தப் பத்து. 1898லும் 1901லும் கோப்பை மறுபடி வந்தது. 1923-24 பருவத்தில் விகனை 13-7 என்று வீழ்த்தி லீக் பட்டம் வென்றார்கள். சங்கத்தின் ஒரே லீக் பட்டம் அது. அந்த வேகத்தில்தான் அடுத்த ஆண்டு, 1925 மார்ச் 14 அன்று, லீட்ஸுக்கு எதிரான சேலஞ்ச் கோப்பை ஆட்டத்துக்கு 23,989 பேர் மவுண்ட் பிளசன்டுக்குள் வந்தார்கள். மைதானத்தின் உச்சக் கூட்டம் அதுவே. இன்றைய கொள்ளளவு சுமார் 7,500. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம்.

சாய்ந்த தரையில் நேரான களம்

ரக்பி லீக் களத்தின் அளவுகள் எளிமையானவை. டிரை லைனிலிருந்து டிரை லைன்வரை அதிகபட்சம் 100 மீட்டர். அகலம் அதிகபட்சம் 68 மீட்டர். இரு முனையிலும் டிரை லைனுக்குப் பின்னே 6 முதல் 11 மீட்டர் ஆழத்துக்கு இன்-கோல் பகுதி. டிரை லைன் மேலேயே கோல் கம்பங்கள். இரண்டுக்கும் நடுவே 5.5 மீட்டர், குறுக்குக்கம்பி தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில். களத்தின் குறுக்கே 10 மீட்டருக்கு ஒரு கோடு.

சரிவான நிலத்தில் இதைக் குறிக்கும்போது முதலில் வரும் கேள்வி: நாடாவைத் தரையோடு பிடிப்பதா, கிடைமட்டமாகத் தூக்கிப் பிடிப்பதா? கணக்குக்காக 50-க்கு 1 சரிவு என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறக்கம். தரையோடு அளந்தால் 100 மீட்டரில் வரும் பிழை 2 செ.மீ. மட்டும். சுண்ணாம்புக் கோட்டின் அகலமே அதைவிட அதிகம். ஆகவே தரையோடு அளப்பதே சரி. நாடாவைத் தூக்கிப் பிடித்தால் நடுவில் தொய்ந்து அதைவிடப் பெரிய பிழை வரும்.

உண்மையில் கெடுவது மூலைகள். கண்ணுக்குச் செங்கோணமாகத் தெரிவது சரிவான தரையில் செங்கோணமாக இருப்பதில்லை. கீழ்நோக்கிப் பார்க்கும் கண் கோட்டைத் தாழ்வான பக்கம் இழுத்துவிடும். அதனால் மூலைவிட்டத்தை அளக்காமல் விடவே கூடாது. 100-க்கு 68 மீட்டர் களத்தில் மூலைவிட்டம் 120.93 மீட்டர். இரு பக்கமும் 8 மீட்டர் இன்-கோல் சேர்த்தால் 116-க்கு 68, மூலைவிட்டம் 134.46 மீட்டர். இரண்டு மூலைவிட்டங்களும் 5 செ.மீ.க்குள் ஒத்துப்போனால் களம் நேர். ஒத்துப்போகாவிட்டால் கீழ்முனை ஆணிகளை நகர்த்த வேண்டும். மேல்முனையைத் தொடக்கூடாது. அங்கிருந்துதான் அளவு தொடங்கியது.

கோல் கம்பத்தில்தான் சரிவு பளிச்சென்று தெரியும். களம் நீளவாக்கில் மட்டும் இறங்கினால் இரு கம்பங்களின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஒரு மூலையை நோக்கி இறங்கும் களத்தில் அப்படி அமையாது. பக்கவாட்டிலும் 50-க்கு 1 இறக்கம் என்றால், 5.5 மீட்டர் இடைவெளிக்குள் தரை 11 செ.மீ. தாழ்கிறது. கம்பங்களைச் செருகும் இரண்டு குழிக்குழாய்களையும் தரைமட்டத்துக்கு ஒரே ஆழத்தில் புதைத்தால் குறுக்குக்கம்பியும் அதே சாய்வில் நிற்கும். களத்தின் நடுவிலிருந்து பார்த்தாலே கண்ணில் உறுத்தும். உதைப்பவருக்கு இலக்கு தடுமாறும். செய்ய வேண்டியது இது: ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு குழிகளின் அடிமட்டத்தையும் ஒன்றாக்க வேண்டும். மேட்டுப் பக்கக் குழியை 11 செ.மீ. கூடுதலாகத் தோண்ட வேண்டும். குறுக்குக்கம்பியின் 3 மீட்டரை நடுப்புள்ளியில் அளக்க வேண்டும். அப்போது மேட்டுப் பக்கக் கம்பத்தில் உயரம் 2.945 மீட்டரும் தாழ்வுப் பக்கத்தில் 3.055 மீட்டரும் இருக்கும். கம்பத்தைச் சுற்றிய பஞ்சுறையையும் இரு பக்கமும் தரைவரை வருமாறு தனித்தனி உயரத்தில் வெட்ட வேண்டும். ஒரே அளவில் வெட்டினால் தாழ்வுப் பக்கம் கணுக்கால் உயரத்துக்கு வெற்று இரும்பு தெரியும். விழும் ஆட்டக்காரரின் தலை போகிற உயரம் அது.

டாஸும் ஆறு டாக்கிளும்

காற்றில் பறக்கும் பந்துக்குச் சரிவு அநேகமாகத் தெரியாது. கீழ்நோக்கி 40 மீட்டர் உதைத்த பந்து 80 செ.மீ. தாழ்வாக விழும். அதனால் அரை மீட்டர் அளவுக்குத்தான் தூரம் கூடும். தரையைத் தொட்ட பிறகு கதை வேறு. 50-க்கு 1 சரிவில் உருளும் பந்தின் மீது நொடிக்கு நொடி 0.2 மீட்டர் வேகம் கூடவோ குறையவோ செய்கிறது. கிரப்பர் என்பது பந்தைத் தரையோடு உருட்டிவிடும் உதை. நான்கு நொடி உருளும் ஒரு கிரப்பர் கீழ்நோக்கிப் போனால் 1.6 மீட்டர் கூடுதலாகப் போகும். மேல்நோக்கிப் போனால் 1.6 மீட்டர் குறைவாக நிற்கும். ஒரே உதைக்கு இரு முனையிலும் 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம். இன்-கோலின் குறைந்தபட்ச ஆழமே 6 மீட்டர் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

லீக் ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டாக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவர் ஆறு முறை பிடிபடும்வரை வாய்ப்பு. ஆறாவதுக்குள் டிரை வராவிட்டால் பந்தை ஒப்படைக்க வேண்டும். அதனால் ஐந்தாவது டாக்கிள் முடிந்ததும் உதைப்பதே வழக்கம். கீழ்முனை நோக்கி ஆடும் அணிக்கு ஆசை காட்டும் இடம் நைன் ஓல் மூலை. பந்தை அங்கே தள்ளினால் சரிவே மீதியைச் செய்யும். தடுப்பவர் டிரை லைனுக்குப் பின்னே பந்தை எடுத்து அங்கேயே பிடிபட்டால், கம்பத்துக்கு அடியிலிருந்து டிராப் அவுட் உதைத்துப் பந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். தாக்கும் அணிக்கு இன்னும் ஆறு டாக்கிள்.

ஆனால் வெளியூர் உதைப்பவர்கள் இங்கே அடிக்கடி தவறுவதும் இதே இடத்தில்தான். சமதளத்தில் பழகிய கால் தரும் அழுத்தம் இங்கே அதிகமாகிவிடுகிறது. பந்து இன்-கோலின் பின் எல்லையான டெட் பால் லைனைத் தாண்டிவிட்டால் தடுக்கும் அணிக்கு 20 மீட்டர் கோட்டிலிருந்து மறுதொடக்கம். உழைத்து முன்னேறிய தூரம் ஒரு நொடியில் போய்விடும். கீழ்நோக்கி உதைக்கும்போது டிரை லைனுக்கு 10 மீட்டர் முன்பே பந்து தரையைத் தொடும்படி, மெதுவாகத் தள்ளுவதே பலன் தரும். மேல்நோக்கி ஆடும் பாதியில் கிரப்பரை நம்பக்கூடாது. உயர உதைத்து, பந்து விழும் இடத்துக்கு ஓடுவதே மேல்.

ஓட்டத்தில் சரிவு வேலை செய்யும் விதம் இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு டாக்கிளுக்கும் பின் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். எதிரணி மேல்நோக்கித் தாக்கினால் தடுப்பவர்கள் மேட்டை நோக்கிப் பின்னால் நடக்கிறார்கள். அதில் 20 செ.மீ. ஏற்றம். சின்ன எண்தான். ஆனால் அடுத்த கணம் அவர்கள் முன்னேறி மோதுவது இறக்கத்தில். மேல்நோக்கிப் பந்தோடு வருபவர் ஏற்றத்தில் வேகம் இழந்திருக்க, தடுப்பவர் இறக்கத்தில் வேகம் கூடியிருக்க, மோதல் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 40 நிமிடப் பாதியில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. தூரத்தைவிட இந்த மோதல்தான் ஆட்களைச் சோர வைக்கிறது.

டாஸில் என்ன எடுப்பது? முதல் பாதியில் மேல்நோக்கி ஆடி, புதுக் கால்களோடு ஏற்றத்தைச் சமாளித்து, இரண்டாம் பாதிக்கு இறக்கத்தை வைத்துக்கொள்வது ஒரு வழி. மறுவழி, மழை வரும்போல் இருந்தால் தரை காய்ந்திருக்கும்போதே இறக்கத்தில் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்வது. நைன் ஓல் மூலை சேறான பின் கீழ்நோக்கி உருளும் பந்து அங்கே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சரிவு தரும் லாபம் பாதியாகிவிடும். மேட்டின் மேல் காற்றும் பலமாக அடிக்கும் இடம் இது. காற்று மேல்நோக்கி அடித்தால் உயர உதைக்குச் சரிவைவிடக் காற்றே பெரிது. கொடிகளைப் பார்த்து முடிவெடுப்பவர் சரியாகவே எடுக்கிறார்.

தண்ணீர் போகும் வழி

விளையாட்டுக் களங்களுக்கு ஆட்டத்தின் நீளவாக்கில் பொதுவாகச் சொல்லப்படும் சரிவு 80-க்கு 1 முதல் 100-க்கு 1. அந்த அளவில் மேல்நீர் மெதுவாக வடியும், பந்து திசை மாறாது. அதைவிடச் செங்குத்தானால் நீர் வடிவது வேகமாகும். ஆனால் சீராக வடியாது. மேல்முனை சீக்கிரம் காயும், வேர் தாகத்தில் இருக்கும். கீழ்மூலையில் முழுக் களத்தின் நீரும், அது அடித்துவரும் நுண்மண்ணும் சேரும். அந்த நுண்மண்தான் எதிரி. மழைக்கு மழை அது மேற்பரப்பில் படிந்து, காற்றுத் துளைகளை அடைத்து, நாளடைவில் தண்ணீர் இறங்காத தோலாகிவிடுகிறது. அதன் மேல் ஸ்க்ரம் (இரு அணியினரும் தோள் கோத்துக் குனிந்து எதிரெதிரே நிற்கும் அமைப்பு) அமைந்து ஆறு ஆறு பேரின் ஸ்டட் (காலணியின் அடிக் குமிழ்) மிதித்தால் அடுத்த மழைக்குக் குளம்.

இதற்கு முதல் மருந்து களத்துக்குள் இல்லை, களத்துக்கு மேலே இருக்கிறது. மேட்டுப் பக்கத்திலிருந்து களத்துக்குள் நுழையும் நீரை வாசலிலேயே பிடிக்க வேண்டும். மேட்டுப் பக்கத்து டச் லைனுக்கும் (பக்கக் கோடு) மேல் டெட் பால் லைனுக்கும் வெளியே ஒரு தடுப்புக் கால்வாய்: சுமார் 60 செ.மீ. ஆழம், அடியில் துளைக்குழாய், மேல்மட்டம்வரை கழுவிய சரளை. மேலே மண் போட்டு மூடக்கூடாது. மூடினால் மேல்நீர் அதைத் தாண்டிப் போய்விடும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கீழ்மூலையில் எத்தனை டன் மணல் கொட்டினாலும் வீண்.

அடுத்தது களத்துக்குள் மணல் பிளவு வடிகால். ஒடுக்கமான பிளவுகளைச் சரிவுக்குக் குறுக்காக வெட்டி மணல் நிரப்புவது. சரிவோடு வெட்டினால் ஒவ்வொரு பிளவும் ஒரு ஓடையாகி நீரைக் கீழ்மூலைக்கே கொண்டு கொட்டும். குறுக்காகவும் சற்றே சாய்வாகவும் வெட்டினால் நீர் பக்கவாட்டுக் குழாய்க்குப் போகும். கடைசிக் குழாய் நைன் ஓல் பக்கம் வெளியேறும் இடத்தில் வண்டல் பிடிக்கும் தொட்டி ஒன்று கட்டாயம். பருவத்துக்கு இரண்டு தடவை அள்ளாவிட்டால் அது நிறைந்து, குழாய் அடைத்து, ஒரு நாள் ஆட்ட நடுவே தண்ணீர் புல்லின் வழியாக எழும்பி வரும்.

1996இல் தொழில்முறை ரக்பி லீக் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியது. பாட்லி போன்ற கீழ்ப்பிரிவுச் சங்கங்களும் சேர்ந்தே மாறின. சேற்றில் மிதிபட்ட களங்களுக்கு இது விடுதலை என்று பலர் நினைத்தார்கள். களப்பணியாளுக்கு அது அவ்வளவு எளிதாக அமையவில்லை. முன்பு மே முதல் ஆகஸ்ட்வரை, மண் சூடாக இருக்கும் மாதங்களில், களம் ஓய்விலிருந்தது. விதை போட்டால் இரண்டு வாரத்தில் முளைத்தது. இப்போது ஓய்வு நவம்பரிலிருந்து ஜனவரிவரை. மண் குளிர்ந்துவிட்டால் ரை புல் விதை முளைக்காமல் கிடக்கும், பறவை தின்னும். ஆகவே பருவம் முடிந்த அடுத்த வாரமே, அக்டோபர் தாண்டுவதற்குள், வேலை முடிய வேண்டும். 116-க்கு 68 மீட்டர் என்றால் 7,888 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 35 கிராம் வீதம் சுமார் 276 கிலோ விதை. முதலில் ஆழத் துளையிட்டு இறுகிய மண்ணைத் தளர்த்த வேண்டும், பிறகு மணல், பிறகு விதை. மணலுக்குப் பின் துளையிட்டால் மணல் அடியில் போய்ப் புதைந்துவிடும். விதைக்குப் பின் துளையிட்டால் விதை போய்விடும். அவசரத்தில் இந்த வரிசை மாறும்போதுதான் ஒரு பருவம் முழுவதும் வழுக்கைத் திட்டுகளோடு ஆட வேண்டி வருகிறது.

புல்லைக் கத்தரிக்கும் இயந்திரத்தைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவது நல்லது. மேலும் கீழுமாக ஓட்டினால் இறங்கும்போது சக்கரம் வழுக்கி, ஒரே தடத்தில் மண் உரியும். அந்தத் தடமே அடுத்த மழைக்கு வாய்க்கால்.

23,989இலிருந்து 7,500

மேட்டு மைதானத்துக்கு இயற்கை தரும் பரிசு ஒன்று உண்டு: நின்று பார்க்கும் படித்தட்டை எழுப்ப மண் கொண்டுவர வேண்டாம், சரிவையே வெட்டிக்கொள்ளலாம். பழைய காலத்தில் வடக்கு இங்கிலாந்தின் பல மைதானங்களில் ஆலைச் சாம்பலைக் கொட்டி, ரயில் கட்டைகளைப் படியாகப் பதித்து நிறுத்தினார்கள். கூட்டம் எவ்வளவு கொள்ளும் என்பதை வாசலில் நெருக்கடி சொல்லும், அளவுகோல் சொல்லாது. 1925இன் 23,989 அந்தக் காலத்து எண்.

இன்றைய பாதுகாப்பு வழிகாட்டியின் கணக்கை அதன் மேல் வைத்துப் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள படித்தட்டில் சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 4.7 பேர். படியின் அகலம் 350 முதல் 400 மி.மீ., சரிவு 25 பாகைக்குள். 5,000 பேருக்கு 1,064 சதுர மீட்டர் வேண்டும். 100 மீட்டர் நீளப் படித்தட்டு என்றால் 10.6 மீட்டர் ஆழம். 380 மி.மீ. படியாக 28 படிகள். இடையிடையே 1.1 மீட்டர் உயரத்தில் நெரிசல் தடுப்புக் கம்பிகள். கம்பிகள் தொடர்ச்சியாக இல்லாமல் இடைவெளி விட்டு நின்றால், அந்த இடைவெளியின் அளவுக்கு ஏற்ப அனுமதி எண்ணிக்கை குறைக்கப்படும்.

உள்ளே வருவதைவிட வெளியே போவதே கொள்ளளவை இறுக்குகிறது. ஒரு சுழல்கதவு மணிக்கு அதிகபட்சம் 660 பேரை விடலாம். 7,500 பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே விட 12 சுழல்கதவுகள். அதே 12இல் 1925இன் கூட்டத்தை விட மூன்று மணி நேரம். வெளியேற அதிகபட்சம் 8 நிமிடம். சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிகளில் 66 பேர். மேட்டு மைதானத்தில் வெளியேறும் வழிகளில் பெரும்பாலும் படிகள் வந்துவிடும். ஆக ஒரு மீட்டர் அகலத்துக்கு 8 நிமிடத்தில் 528 பேர். 7,500 பேருக்கு மொத்தம் 14.2 மீட்டர் அகல வழி போதும். 23,989 பேருக்கு 45 மீட்டருக்கு மேல் வேண்டும். வீடுகளும் கிரிக்கெட் களமும் ஒட்டி நிற்கும் ஒரு மேட்டில் அத்தனை அகலத்துக்கு வாயில் திறக்க இடம் ஏது?

சரிந்த களத்தின் ஓரமாகப் படித்தட்டு அமைப்பதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. படிகளைக் கிடைமட்டமாகக் கட்டினால் மேல்முனையில் முன்வரிசை களத்தோடு ஒட்டி இருக்கும், கீழ்முனையில் இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கும். அங்கே முன்சுவர் கண்ணை மறைக்கும். படிகளைக் களத்தோடு சேர்த்துச் சரித்தால் மழைநீர் படியோடு ஓடும், நிற்பவரின் ஒரு கால் எப்போதும் தாழ்ந்திருக்கும், கூட்டம் கீழ்மூலைப் பக்கமே நகர்ந்து நெருக்கும். தீர்வு, படித்தட்டைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கிடைமட்டமாகக் கட்டி, அடுத்ததை அரைப் படி தாழ்த்துவது. துண்டுகளுக்கு இடையே ஏறி இறங்கும் வழி. கட்டுவதற்குச் செலவு கூடினாலும் கூட்டத்தின் நெருக்கடி மூலையில் போய்ச் சேராது.

இந்த விதிகளெல்லாம் ஏட்டிலிருந்து வந்தவை அல்ல. 1985 மே 11 அன்று, பாட்லிக்குப் பக்கத்து நகரமான பிராட்ஃபோர்டில், வேலி பரேட் கால்பந்து மைதானத்தின் மர அரங்கு எரிந்து 56 பேர் இறந்தார்கள். அந்த மைதானமும் மலைச்சரிவில்தான். அரங்கின் தளத்துக்கும் சரிந்த நிலத்துக்கும் இடையே வெற்றிடம் இருந்தது. பலகை இடுக்கு வழியாகப் பல ஆண்டுகளாக விழுந்த காகிதக் குப்பை அதில் சேர்ந்திருந்தது. தீ அங்கே பிடித்து சில நிமிடங்களில் கூரை முழுவதும் பரவியது. பின்பக்கக் கதவுகள் பூட்டியிருந்தன. வேலி பரேட் முதலில் மானிங்ஹாம் என்ற ரக்பி சங்கத்தின் மைதானம். 1895இல் பாட்லியோடு சேர்ந்து பிரிந்துவந்த சங்கம், நார்தர்ன் யூனியனின் முதல் பட்டத்தை வென்ற சங்கம். 1903இல் அது கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்ட் சிட்டி ஆனது. தீக்குப் பின் வந்த 1987 சட்டம், 500 பேர் அல்லது அதற்கு மேல் கொள்ளும் கூரையுள்ள ஒவ்வோர் அரங்குக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்டது. சிறிய ரக்பி லீக் மைதானங்களை அது நேரடியாகத் தொட்டது. சரிவின் மேல் கட்டிய அரங்கைச் சோதிப்பவர் இன்றும் முதலில் குனிந்து பார்ப்பது தளத்துக்கு அடியில்: வெற்றிடம் அடைத்திருக்கிறதா, அடைக்க முடியாத இடத்தில் உள்ளே போய்ச் சுத்தம் செய்ய வழி இருக்கிறதா, கதவு உள்ளிருந்து வெளிப்பக்கம் திறக்கிறதா.

ஏன் சமன் செய்யக்கூடாது

இந்தக் கேள்வி எல்லோருக்கும் எழும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும். 50-க்கு 1 சரிவில் 116 மீட்டருக்கு மொத்த இறக்கம் 2.32 மீட்டர். மேல் பாதியை வெட்டிக் கீழ் பாதியில் நிரப்பினால் வெட்டும் மண் சுமார் 2,300 கன மீட்டர். அதற்கு முன் 15 செ.மீ. மேல்மண்ணை, அதாவது ஏறக்குறைய 1,180 கன மீட்டரை, தனியே எடுத்து வைத்து, கடைசியில் திரும்பப் பரப்ப வேண்டும். மேல்முனையில் 1.16 மீட்டர் வெட்டுச்சுவர், கீழ்முனையில் அதே உயரத்துக்குத் தாங்குசுவர். நிரப்பிய மண்ணை அடுக்கடுக்காக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் கீழ்ப்பாதி ஆண்டுக்காண்டு அமுங்கி, வெட்டிய பாதிக்கும் நிரப்பிய பாதிக்கும் நடுவே களத்தின் மத்தியிலேயே ஒரு பள்ளக் கோடு விழும். வடிகால் எல்லாம் புதிதாக. கீழ்முனைப் படித்தட்டின் முன்வரிசைகள் களமட்டத்துக்குக் கீழே போய்விடும், அவற்றையும் இடிக்க வேண்டும். அதுவரை ஆட்டம் வேறு ஊரில். வாயில் வசூலை நம்பி வாழும் சிறு ஊர்ச் சங்கத்துக்கு ஒரு பருவம் ஊரைவிட்டுப் போவது உயிருக்கே ஆபத்து.

இது வெறும் அச்சமில்லை. ஹன்ஸ்லெட் சங்கம் 1973இல் தன் மைதானமான பார்க்சைடை இழந்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் 1992இல் ஃபார்டவுனை விட்டது. பக்கத்து ஊர் டியூஸ்பரியில் பழைய கிரவுன் ஃப்ளாட் அரங்கு 1988இல் எரிந்தது. புது மைதானம் 1994இல்தான் திறந்தது. ஓல்டம் 1997இல் வாட்டர்ஷெடிங்ஸை விட்டது. ஹாலிஃபாக்ஸ் 1998இல் த்ரம் ஹாலை விட்டது. அந்த இடத்தில் இப்போது சூப்பர் மார்க்கெட். த்ரம் ஹாலும் சரிவுக்குப் பேர்போன களம்தான். பாட்லி மவுண்ட் பிளசன்டை விடவில்லை. 2023இல் வெம்ப்ளியில், உச்சப் பிரிவுக்குக் கீழுள்ள சங்கங்களுக்கான ‘1895 கோப்பை’ இறுதியாட்டத்தில் ஹாலிஃபாக்ஸிடம் 12-10 என்று தோற்ற அணி, அந்தப் பருவம் முழுவதும் பழகியது இந்தச் சாய்ந்த புல்லில்தான்.

சமன் செய்வதற்குப் பதில் செய்யக்கூடியது சிறிய வேலை, ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. களம் முழுவதற்கும் 80 டன் மணல் என்றால் அது பரவும் கனம் 6 மி.மீ. அளவே. கீழ்மூலையில் 20-க்கு 20 மீட்டர் சதுரத்துக்கு மட்டும் தனியே 6 டன் கூடுதலாக ஒதுக்கினால் அங்கே 9 மி.மீ. ஏறும். ஒரே ஆண்டில் இதற்கு மேல் போட்டால் புல் மூச்சுத்திணறும். கீழே உள்ள மண்ணும் மேலே உள்ள மணலும் ஒட்டாமல் தனித்தனி அடுக்காகி, ஸ்டட் பட்டதும் பாய்போல் சுருண்டு வரும். முதலில் துளையிட்டு, மணலைத் துளைக்குள் துலக்கித் தள்ளி, மீதியை மட்டும் மேலே விட வேண்டும். பத்தாண்டு இப்படிச் செய்தால் மூலை 9 செ.மீ. உயரும். சரிவு அப்படியே இருக்கும், குளம் மட்டும் போய்விடும்.